சைக்கிள் மட்டும் வீடு வந்தது

பங்கஜத்தம்மாள் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு அம்மாள். என்னைத் தினமும் பார்க்கிறவர். சொம்பு உருண்டு என் காலடியில் வந்து நின்றது. குனிந்து எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

உச்சி வெயில். ஸ்ரீரங்கம் அடையவளைந்தான் தெருவில், எங்கள் வீட்டு வாசலில், பத்துப் பதினைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். உள்ளேயிருந்து பெண்கள் அழும் சத்தம் வந்தது. செங்கமலத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. செங்கமலம் என் மனைவி. அவளுக்காக ரயிலடியில் வாங்கிய முறுக்குப் பொட்டலம் என் கையிலிருந்து நழுவியது.

அப்போதுதான் அந்த அழுகைக்கு நடுவே ஒரு பெயர் காதில் விழுந்தது.

"தேரு பார்த்த கண்ணு மூடிப்போச்சே... எங்க வரதராசு... சைக்கிளு ஏறிப் போனீங்களே..."

வரதராசு நான்தான்.

தன் சாவுக்கு மற்றவர்கள் அழுவதைத் தானே காது கொடுத்துக் கேட்டவர்கள் இதைப் படிக்கிறவர்களில் யாராவது இருப்பீர்களா, தெரியாது. கேட்காதவர்கள் பாக்கியசாலிகள். அந்த வெயிலில், செருப்பில்லாமல் நின்ற என் உள்ளங்கால் சில்லென்று ஆகிவிட்டது. எத்தனை வருஷம் ஓடிவிட்டது! அந்தச் சில்லிப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

ஒரே ஒரு சபலம்

காவிரிப் பாலத்தில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே ஒரு மோட்டார் வந்தால் எல்லோரும் ஒதுங்கி நின்று பார்த்த காலம் அது. பெரிய கடை வீதியில் நான் வேலை பார்த்த பாத்திரக் கடையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்தக் கடைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் சைக்கிளில்தான் போவேன்.

விடியலில் காவிரிக் குளியல், நெற்றியில் திருமண், பெருமாள் சேவை, அப்புறம் சைக்கிள். படிப்பு அதிகம் கிடையாது, ஐந்தாவதோடு நின்றுவிட்டது. வெற்றிலை, பொடி, சீட்டாட்டம் எதுவும் என்னிடம் கிடையாது. சபலம் என்று ஒன்று இருந்தது என்றால் அந்த வண்டிதான். பாலத்து எதிர்க்காற்று மார்பில் அடிக்கும்போது பாசுரம் தானாக வாயில் வரும்.

செங்கமலத்துக்கு அதைக் கண்டால் ஆகாது.

"பெருமாளைச் சேவிக்கப் போனா அரை நாழியில திரும்பிடறீங்க. இதைத் துடைக்க உக்காந்தா பொழுதே போயிடுது. அவருக்குப் பொறாமை வராதா?" என்பாள்.

"அவரும் கருடன் மேல போறவர்தானே. வாகனத்தைத் துடைச்சா கோவிச்சுக்க மாட்டார்."

"கருடனுக்குப் பஞ்சர் ஆவாது" என்பாள்.

அப்போது எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நாங்கள் இருவரும் என் தம்பி ரெங்கசாமியும் மட்டும். அவளுக்குப் பேச ஆள் நான். எனக்குத் திட்டு வாங்க ஆள் அவள்.

அந்தக் கோடையில்தான் திருச்சி சைக்கிள் சங்கத்தார் ஒரு பெரிய சவாரிக்கு ஏற்பாடு செய்தார்கள். விடியலில் மலைக்கோட்டைத் தெப்பக்குளத்தில் புறப்பட வேண்டும். மணப்பாறை, வையம்பட்டி வழியாகச் சாயங்காலத்துக்குள் திண்டுக்கல் போய்ச் சேர வேண்டும். இரவு சத்திரத்தில் தங்கி, மறுநாள் ரயிலில் திரும்ப வேண்டும். தண்ணீரும் உபரி சைக்கிள்களும் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கூடவே வரும். சைக்கிள் வைத்திருக்கிற எவரும் சேரலாம் என்று கடைத்தெருவில் தண்டோராவே போட்டார்கள்.

"திண்டுக்கல்லுல நமக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"யாரும் இல்லை."

"அப்ப எதுக்குப் போறீங்க?"

நான் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடக் குனிந்துகொண்டேன்.

கிளம்புகிற அன்றைக்கு, இருள் பிரியும் முன்பே எழுந்து எனக்குக் கட்டுச்சோறு கட்டினாள். தேர்த் திருவிழாக் கடையில் வாங்கி, ஒருநாள்கூட உடுத்தாமல் வைத்திருந்த வெள்ளைத் துண்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

"வெயில்ல இதைத் தலையில கட்டிக்குங்க. யாரு முன்னாடி போறான்னு பார்த்துக்கிட்டு வேகமா மிதிக்காதீங்க. கடைசியாப் போனாலும் திண்டுக்கல் அங்கேயேதான் இருக்கும்."

தெப்பக்குளத்தில் உடைந்த பூசணி

தெப்பக்குளத்தைச் சுற்றி இருநூறு சைக்கிளாவது இருக்கும். வெள்ளை வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியவர்கள், அரைக்கால் சட்டைக்காரர்கள், ஃபெஸ் குல்லாய் வைத்த முஸ்லிம் வாலிபர்கள், திருநீறு, திருமண், சிலுவை என்று எல்லா நெற்றியும் எல்லாக் கழுத்தும் அங்கே இருந்தன. பேண்டு வாத்தியம் முழங்கியது. மாடி வைத்த மெத்தை வீடுகளின் ஜன்னல் எல்லாம் பெண்கள்.

சங்கத்துத் தலைவர் ஒரு ஜவுளிக் கடை முதலாளி. "ஊர்க் கண்ணு அத்தனையும் நம்ம பசங்க மேல இருக்கு. கழிக்காம அனுப்பினா நல்லதில்லை" என்று சொல்லி, பெரிய வெள்ளைப் பூசணிக்காய் ஒன்றைக் கொண்டுவரச் செய்தார். உள்ளே ஆலம் கரைத்த சிவப்புத் தண்ணீர் ஊற்றி, குங்குமம் கொட்டி, கற்பூரம் ஏற்றி, எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சுற்றினார்கள். சுற்றி, முதல் வரிசைக்கு நேர் முன்னால், நட்ட நடு ரோட்டில் போட்டு உடைத்தார்கள்.

பூசணி சிதறியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நானும்தான். சைக்கிளுக்கு ரப்பர் சக்கரம் என்பதும், பூசணிச் சதை வழுக்கும் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விசில் ஊதினார்கள்.

முதல் வரிசை அப்படியே சரிந்தது. இரண்டாவது வரிசையில் இருந்த நான் அவர்கள் மேல் போய் விழுந்தேன். என் மேல் வேறு யாரோ. மணி, பெடல், கை, கால் எல்லாம் ஒரே சிக்கல். பேண்டு வாத்தியக்காரர்கள் மட்டும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

சங்கத்துக்காக லாரியில் ரிப்பேர் பார்க்க வந்திருந்தவர் மஸ்தான் பாய். மலைக்கோட்டை அடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எனக்கு நல்ல சிநேகிதர். என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"என்ன வரதண்ணே, மொத்தக் கண்ணும் இங்கேயே கழிஞ்சிடுச்சா? மணப்பாறைக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கப்படாதா?"

முழங்கைச் சிராய்ப்போடு எல்லோரும் பிழைத்தோம். செங்கமலம் கொடுத்த துண்டு மட்டும் பூசணித் தண்ணீரில் விழுந்து, ஒரு பாதி செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. பிழிந்து, காயட்டும் என்று ஹேண்டில்பாரில் கட்டினேன். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் விழுந்ததில் ஒரு கீறல் விட்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

மணப்பாறைக்கு முன்னால்

அந்தச் சவாரியைப் பற்றித் தனியாகவே நாலு வாரம் எழுதலாம். சரளைக் கல் ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம். நிழல் வரும், போகும். முன்னால் போகிறவர்களின் செம்மண் புழுதி நாக்கில் இனிக்கிறதா கரிக்கிறதா என்று தெரியாமல் ஒட்டும். ஊருக்கு ஊர் ஜனங்கள் ரோட்டுக்கு வந்து நின்று நீர்மோரும் பானகமும் கொடுத்தார்கள். ஒரு ஊரில் ஒரு கிழவர் எங்களைப் பார்த்து, "எந்தக் கோயிலுக்குப்பா இவ்வளவு பேரு?" என்று கேட்டார். கோயிலுக்கு இல்லை, சும்மாதான் என்றோம். "சும்மாவா! வெயில்லயா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மணப்பாறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் என் வண்டி இறங்கியது. டக்கென்று ஒரு சத்தம். ஃபோர்க் முறிந்து, முன் சக்கரம் பக்கவாட்டில் மடங்கிக்கொண்டது. நல்ல வேளை, நான் மெதுவாக வந்ததால் புழுதியில் உட்கார்ந்ததோடு சரி.

பின்னால் வந்த லாரியிலிருந்து மஸ்தான் பாய் இறங்கி வந்தார்.

"இது ஆவாது அண்ணே. வெல்டிங் வைக்கணும். மணப்பாறையில ரயில்ல போட்டு உங்க வீட்டுக்கே அனுப்பிடறேன். சங்கத்து ஏற்பாடு அதான். நீங்க இந்த வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

வேறொரு சைக்கிளை இறக்கிக் கொடுத்தார். என் வண்டியில் பெயரும் தெருவும் எழுதின அட்டையைக் கட்டினார். துண்டைப் பற்றி அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. புது வண்டி கிடைத்த சந்தோஷத்தில் நான் மணியடித்துக்கொண்டே போனேன்.

சாயங்காலம் திண்டுக்கல். மாலை, சந்தனம், சத்திரத்தில் பந்தி. பசி என்றால் அப்படி ஒரு பசி. என் வீட்டில் எனக்காக மாரில் அடித்துக்கொண்டு அழுத அதே வேளையில் நான் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினேன்.

ஆள் இல்லாத வண்டி

வாசலில் நின்ற கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தம்பி ரெங்கசாமி ஓடிவந்தான். என் தோளைத் தொட்டான். கன்னத்தைத் தொட்டான். என் காலைக் குனிந்து பார்த்தான், தரையில் படுகிறதா என்று.

"அண்ணே... நீங்கதானா?"

"நான்தான்டா. என்னடா இதெல்லாம்?"

அவன் கை காட்டினான். எங்கள் வீட்டுச் சுவரில் என் சைக்கிள் சாய்ந்திருந்தது. கழுத்து முறிந்த கொக்கு மாதிரி முன் சக்கரம் தொங்கியது. ஹேண்டில்பாரில் அந்தத் துண்டு. வெயிலில் காய்ந்து, மொடமொடவென்று, பழுப்பும் கறுப்புமாக. சத்தியமாகச் சொல்கிறேன், நானே ஒரு நிமிஷம் அதை என் ரத்தம் என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் பிற்பகலில், ஜங்ஷனிலிருந்து வந்த கைவண்டிக்காரன் எவனோ, கதவு சாத்தியிருந்ததால் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறான். செங்கமலம் அப்போது கோயிலில். பங்கஜத்தம்மாள்தான் முதலில் பார்த்துக் கூச்சல் போட்டிருக்கிறார். செங்கமலம் வரும்போது தெருவே கூடியிருந்ததாம்.

"மதினி அழவே இல்லைண்ணே" என்றான் ரெங்கசாமி. "அந்தத் துண்டை மட்டும் பார்த்துக்கிட்டே நின்னாங்க. 'நான்தானே பெட்டியிலேர்ந்து எடுத்துக் குடுத்தேன்'னாங்க. அவ்வளவுதான்."

அவன் திருச்சிக்கு ஓடியிருக்கிறான். சங்கத்து அறை பூட்டியிருந்தது. அத்தனை பேரும்தான் சவாரிக்குப் போய்விட்டோமே. பெரிய ஆஸ்பத்திரியில் விசாரித்தால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. எந்த இடத்தில் விழுந்தேன், உடல் எங்கே கிடக்கிறது, யார் யார் போய்க் கொண்டுவருவது என்று ஆண்கள் எல்லோரும் பொழுது விடிந்தும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

நான் படியேறப் போனேன். பங்கஜத்தம்மாளுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "இருங்க, இருங்க! அழுத வீடு. தலை முழுகாம உள்ள போகப்படாது!"

"சரி, முழுகறேன். செங்கமலத்தைக் கூப்பிடுங்க."

யாரும் அசையவில்லை. உள்ளே அழுகையும் நின்றுவிட்டது.

"டேய், மதினி எங்கடா?"

ரெங்கசாமி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "விடியக்காலம் குளிக்கப் போனாங்கண்ணே. குடம் மட்டும் படித்துறையில இருக்கு."

காவிரியில் இறங்கினேன்

அம்மா மண்டபம் படித்துறைக்கு நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது.

எங்கள் வீட்டுப் பித்தளைக் குடம் இரண்டாம் படியில் இருந்தது. நான் வேலை பார்த்த கடையில் நானே பொறுக்கி எடுத்தது. பக்கத்தில் மாற்றுப் புடவை, மடித்தபடி. மஞ்சள் கிழங்கு ஒன்று. கோடைக் காவிரியில் மணல்தான் அதிகம். கால் நனைகிற ஓடைதான் ஓடும். ஆனால் மண்டபத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு மடு உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நீச்சல் தெரிந்த இரண்டு பேர் மூழ்கி மூழ்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நீச்சல் அவ்வளவாக வராது. இறங்கிவிட்டேன். மார் மட்டும் தண்ணீர். காலால் துழாவினேன். சேறு. வேர். ஏதோ ஒன்று மெத்தென்று பட்டது, உயிரே போய்விட்டது, கிழிந்த சாக்கு. ரங்கா, ரங்கா என்று வாய் ஓடிக்கொண்டே இருந்தது. என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கிடைக்க வேண்டும் என்று கேட்பதா, கிடைக்கக் கூடாது என்று கேட்பதா?

வெயில் சாய்ந்தது. படித்துறை முழுக்க ஜனம். ரயிலடிப் பக்கமிருந்து, புழுதி படிந்த காலோடு ஒரு பெண் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். முன்னால் நின்ற பூக்காரரிடம் விசாரித்திருக்கிறாள். அந்தப் பூக்காரர் இந்தப் பேச்சைச் சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாரைங்க தேடறாங்க?"

"வரதராசு சம்சாரம்மா. மடுவுல விழுந்துட்டாங்க."

"எந்த வரதராசு?"

"சைக்கிள்ல போயிச் செத்தாரே, அவருதான்."

"தண்ணியில நிக்கிறது யாரு?"

"அவரேதான் தேடறாரு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தவர், படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. செங்கமலம் படி இறங்கி வந்தாள். புடவையோடு தண்ணீரில் இறங்கினாள். என் முன்னால் வந்து நின்றாள். என் முகத்தை ஒரு பக்கம், மறு பக்கம் பார்த்தாள்.

கையை ஓங்கி என் கன்னத்தில் அறைந்தாள்.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்தில், அத்தனை பேர் பார்க்க, புருஷனைப் பெண்டாட்டி அடித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்னைக் கேக்காம செத்துடுவீங்களா?" என்றாள்.

"நீ மட்டும் கேட்டியா?" என்றேன்.

அவள் விலக்கிய போர்வை

இருவரும் தலை முழுகி, ஆலம் சுற்றி வீட்டுக்குள் வந்தோம். விளக்கு வைத்த பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள்.

"ஆம்பிளைங்க எல்லாம் பேசிக்கிட்டே இருந்தாங்க. போற வழியா இல்லை. வண்டி அன்னிக்கே திரும்பிடுச்சே, நீங்க மணப்பாறையைத் தாண்டியிருக்க மாட்டீங்க, அடிபட்டா அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குத்தானே கொண்டுபோயிருப்பாங்கன்னு எனக்குத் தோணிச்சு. குளிக்கப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். குடத்தைத் தூக்கிக்கிட்டு ரயில்லயா போக முடியும்? அங்கேயே வெச்சுட்டேன்."

அதுவரை அவள் தனியாகக் காவிரிப் பாலத்தைத் தாண்டியது கிடையாது.

"டிக்கெட் குடுக்கிறவர் எந்த ஊருன்னு கேட்டார். அந்த நேரத்துக்கு ஊர் பேரு மறந்துபோச்சு. முறுக்கு விக்கிற ஊருன்னேன். குடுத்துட்டார்."

நான் சிரிக்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியில, சைக்கிள்ல அடிபட்டவங்க யாரும் வரலைன்னாங்க. ஆனா ஒரு ஆள் நேத்து வெயில்ல ரோட்டோரம் விழுந்து செத்துட்டாராம். யாருன்னு தெரியல, வந்து பாக்குறீங்களாம்மான்னு ஒரு ஆயா கூட்டிட்டுப் போனாங்க. போர்வை போத்தியிருந்துச்சு. கால் மட்டும் வெளியில தெரிஞ்சுது. புழுதிக் கால். உங்க கால் மாதிரியே இருந்துச்சுங்க. போர்வையை நான்தான் விலக்கினேன்."

நிறுத்தினாள். திரியைத் தூண்டினாள்.

"நீங்க இல்லை. வேற யாரோ. பார்த்ததும் சிரிச்சுட்டேங்க."

"என்ன?"

"சிரிச்சேன். வாய் விட்டு. நிறுத்தவே முடியல. அந்த ஆயா பயந்துபோய் என் கையைப் புடிச்சாங்க. செத்த மனுஷன் முகத்துக்கு நேரா நின்னு சிரிச்சேங்க."

என் சாவைக் கேட்டேன், அவள் குடத்தைப் பார்த்தேன்; ஒரே நாளில் இரண்டையும் தாங்கினேன். அன்றைக்கு என்னை ஆட்டிவிட்டது இந்தப் பேச்சுதான். எறும்பு செத்தால்கூட ஐயோ என்கிறவள் அவள்.

சந்தைக்குப் போனோம்

அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் வரவில்லை.

"பெருமாள் படுத்திருக்கிறதைப் பார்த்தா அந்த ஆளு படுத்திருந்ததுதான் தெரியும். நான் வரல. அவர் வீட்டு மனுஷங்க யாரையாவது பார்த்துக் கால்ல விழணும். அப்புறம் வரேன்."

அவளைக் கூட்டிக்கொண்டு மணப்பாறைக்குப் போனேன். உரிமை கேட்டு யாரும் வராததால் அவரை அடக்கம் செய்துவிட்டார்களாம். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அந்த ஆயாதான் ஒரு வழி சொன்னார். "சந்தை அன்னிக்கு வாங்கம்மா. சுத்துப்பட்டு ஊரு அத்தனையும் மாட்டைப் புடிச்சுக்கிட்டு வரும். கேட்டுப் பாருங்க."

அடுத்த சந்தைக்குப் போனோம். மணப்பாறை மாட்டுச் சந்தையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். தரகரும் வாங்குகிறவரும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, விரலைத் தொட்டுத்தான் பேசுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. ஆயிரம் மாடு, ஆயிரம் மணி, சாணி வாசம், புழுதி. அதற்கு நடுவே துண்டு துண்டாக மூடிய கைகள்.

ஒவ்வொரு துண்டின் முன்னாலும் செங்கமலம் போய் நின்றாள்.

"அண்ணே, ஒரு சேதிங்க. வெயில்ல ஒருத்தர் இறந்துட்டார். இடது காது மடல் கிழிஞ்சு ஒட்டியிருக்கும். வலது முன்கையில தேள் பச்சை குத்தியிருக்கும். யாருக்காவது தெரியுமாங்க?"

"யாவார நேரத்துல சாவுச் சேதியா! தள்ளிப் போம்மா" என்றார் ஒருவர். "மாடு காணாமப் போச்சுன்னா சொல்லு, தேடித் தரேன். மனுசன் எவனுக்கு வேணும்?" என்றார் இன்னொருவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. அடுத்த துண்டுக்குப் போனாள். அதே வார்த்தைகள். காது மடல். தேள். ஒரு தடவை, ஒரே ஒரு நிமிஷம் பார்த்த மனிதரை அவள் அவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தாள்.

நடுவயதுக்காரர் ஒருவர். வையம்பட்டிப் பக்கத்துக் குடியானவர். சாம்பல் நிற மயிலைக் காளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு தரகரோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல, துண்டுக்கு அடியிலிருந்த கையை மெதுவாக வெளியே எடுத்தார்.

"தேளு... கொடுக்கு எந்தப் பக்கம்மா இருந்துச்சு?"

"உள்ளங்கைப் பக்கமா, அண்ணே."

அவர் தலைப்பாகையை அவிழ்த்தார்.

"பச்சை குத்துறப்ப அழுதான். நாந்தான் கையைப் புடிச்சுக்கிட்டேன்" என்றார். "என் தம்பி. மக வீட்டுக்குப் போறேன்னு நடந்தே போனான். அங்கேதான் இருக்கான்னு நாங்க இருக்கோம்."

தரகர் எழுந்து தள்ளிப் போய் நின்றார்.

"நீங்க அவனுக்கு யாரும்மா?"

சொல்லாதே என்று எனக்கு இருந்தது. சிரித்ததை மட்டும் இந்த மனிதரிடம் சொல்லிவிடாதே. கண்ணால் சாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் வண்டி வந்தது, துண்டு, ரயில், போர்வை எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அதையும் சொன்னாள். சொல்லி, அவர் காலில் விழுந்தாள்.

அவர் என்ன செய்யப் போகிறாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாட்டைக் கம்பு ஒன்று அவர் இடுப்பில் செருகியிருந்தது.

மாடு தலையை ஆட்டியது. கழுத்து மணி அடித்தது.

"அங்க கிடக்கிறது புருசன் இல்லேன்னு தெரிஞ்சா சிரிக்காம வேற என்னம்மா பண்ணுவே?" என்றார். "எந்திரி தாயி. யாரோ ஒருத்தி வந்து அவன் மூஞ்சியைப் பார்த்தாளே. அதுவே போதும்."

என் பக்கம் திரும்பினார். "ஐயா, இதைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க" என்று காளையின் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

பிறகு புழுதியில் உட்கார்ந்து, தலைப்பாகைத் துணியை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். செங்கமலமும் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தை எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நான் முன்பின் தெரியாத ஒருவருடைய மாட்டைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் இருவரும் எழுந்திருக்கும்வரை நின்றேன்.